சைட்காரில் இருந்தவர்

நோட்டன் பிரிட்ஜ் என்றதும் மலையகத்தாருக்கு அணைக்கட்டு நினைவுக்கு வரும். பழைய பந்தய வண்டிகளின் ரசிகர்களுக்கோ நோட்டன் என்பது ஒரு மோட்டார் சைக்கிள். 1949இல் நடந்த முதலாவது உலக சைட்கார் போட்டியில் எரிக் ஒலிவர் பட்டம் வென்றது நோட்டனில்தான். ரசிகர்கள் எஞ்சினையும் ஓட்டுநரையும் போற்றுகிறார்கள். சைட்காரில் இருந்த டெனிஸ் ஜென்கின்சனை, பின்னாளில் புகழ்பெற்ற அந்தப் பத்திரிகையாளரை, எத்தனை பேர் நினைக்கிறார்கள்? வளைவுதோறும் தரையை உரசுமளவு உடலைச் சாய்த்து, வண்டி கவிழாமல் காத்தவர் அவர். அவரின்றி அந்த வேகமும் இல்லை, பட்டமும் இல்லை.

ஆகவே பழைய வண்டியைத் துலக்கிக் காட்சிக்கு வைப்போர் இரு பெயர்களையும் எழுதவேண்டும். துரைமாரின் பெயர் தோட்டங்களில் நிலைத்திருக்க, கொழுந்து பறித்தோரின் பெயர் செக்ரோலைத் தாண்டாத மலைநாட்டினருக்கு இந்த நியாயத்தை விளக்கத் தேவையில்லை.