நிற்காமல் போகும் வண்டி

காலம் நின்றுவிட்ட மலைச் சிற்றூர்; மனிதக் கால் படாத கடற்கரை; இரண்டுக்கும் இடையே அவசரமற்ற ஒரு கார்ப் பயணம். கிரேக்க நாட்டைப் பற்றி எழுதப்படும் பயணக் கட்டுரைகளில் பெரும்பாலானவை இந்த மூன்று தொடர்களுக்குள் அடங்கிவிடுகின்றன. மூன்றாவதோடு நமக்குப் பகை இல்லை. முதல் இரண்டும் பொய் என்பதே நம் வழக்கு.

இதில் நமக்கு என்ன அக்கறை என்று கேட்கலாம். நம் இறைமக்களில் வசதி படைத்தோர் பலர் 'தூய பவுலின் அடிச்சுவட்டில்' என்னும் திருப்பயணங்களில் கிரேக்கம் சென்று வருகின்றனர். பிலிப்பியில் ஒரு திருப்பலி, கொரிந்தில் ஒரு புகைப்படம், மாலைக்குள் அடுத்த விடுதி என்று பேருந்து ஓடுகிறது. அந்த ஓட்டத்தில் சலித்தவர்கள், அடுத்த முறை தனியாகக் கார் அமர்த்திக்கொண்டு மலையும் கடலுமாக நிதானமாகச் சுற்ற வேண்டும் என்கிறார்கள். நல்ல ஆசைதான். அவர்கள் கையில் தரப்படும் வழிகாட்டி நூல்கள் எவற்றைச் சொல்லாமல் விடுகின்றன என்பதே நம் கவலை.

கிரேத்துத் தீவை எடுத்துக்கொள்வோம். வடகரையிலுள்ள ஹானியா நகரிலிருந்து தென்கரையிலுள்ள பாலியோஹோரா கடற்கரைக்குச் செல்லும் மலைப்பாதை பயணிகள் விரும்பும் பாதைகளுள் ஒன்று. ஒலிவத் தோப்புகள், கஷ்கொட்டை மரங்கள், சுவரோவியங்கள் நிறைந்த பழைய பைசாந்தியக் கோவில்கள். வழியில் காண்டனோஸ் என்றோர் ஊர் வருகிறது. ஊரைச் சுற்றியுள்ள கோவில்கள் நூற்றாண்டுகள் பழமையானவை. ஊரின் வீடுகளோ அப்படியல்ல. காரணம் கேட்பார் யார்? 1941 மே 20 அன்று ஜெர்மானியப் படை வான்வழியே கிரேத்தில் இறங்கிற்று. தென்கரையை நோக்கி வந்த படையினரை இவ்வூர் மக்கள் கையில் கிடைத்த ஆயுதங்களைக் கொண்டு மறித்தனர். ஜூன் 3 அன்று ஊர் வளைக்கப்பட்டது. ஏறத்தாழ 180 பேர் கொல்லப்பட்டனர், வீடுகள் கொளுத்தப்பட்டன, கால்நடைகளும் விடப்படவில்லை. போதாதென்று, இங்கே காண்டனோஸ் இருந்தது, இனி ஒருபோதும் கட்டப்படாது என்னும் பொருள்பட ஜெர்மன் மொழியிலும் கிரேக்க மொழியிலும் பலகைகள் நடப்பட்டன. காலம் நின்றுவிட்ட ஊரைத் தேடுவோர்க்கு இதோ ஓர் ஊர். அது எந்த நாளில் நின்றது என்பதும் தெரியும். ஆனால் மக்கள் திரும்பி வந்து ஊரைக் கட்டினார்கள். நின்ற காலத்தை ஓட வைத்தவர்கள் அவர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1958-இல் ஜெர்மனியில், நாத்சிகளின் ஆட்சியில் மனநோயாளர் கொல்லப்படுவதை எதிர்த்துப் பதவியிழந்த லோத்தர் கிரைசிக் என்னும் நீதிபதி, அந்நாட்டுச் சீர்திருத்தத் திருச்சபையினரிடையே ஒப்புரவு இயக்கம் ஒன்றைத் தொடங்கினார். தங்கள் நாட்டுப் படைகள் அழித்த ஊர்களுக்கு இளைஞர்களை வேலை செய்ய அனுப்புவது அதன் வழி. 1960-களின் தொடக்கத்தில் அவ்விளைஞர்கள் காண்டனோஸுக்கு வந்து குடிநீர் நிலையம் ஒன்றைக் கட்டித் தந்தனர். அவர்களும் அந்நியரே, அதே மலைப்பாதையில் வந்தவர்களே. கத்தோலிக்கரல்லர் என்பதற்காக அவர்களைப் பற்றி நம் ஏடுகள் பேசாதிருப்பது நமக்கு அழகல்ல.

இனிக் கடற்கரை. ரெத்திம்னோ மாவட்டத்தின் தென்கரையில், ஆறு கடலோடு கலக்குமிடத்தில் பேரீச்ச மரங்கள் சூழ்ந்த பிரெவெலிக் கடற்கரை இருக்கிறது. ஒதுக்கம், தனிமை, அமைதி என்று விளம்பரங்கள் புகழ்கின்றன. அந்த ஒதுக்கம்தான் 1941-இல் பல உயிர்களைக் காத்தது. கிரேத்து வீழ்ந்தபோது கப்பலேற முடியாமல் விடப்பட்ட நேச நாட்டு வீரர்கள் மலைகளில் ஒளிந்து திரிந்தனர். பிரெவெலி மடத்தின் தலைவர் அகத்தாங்கெலோஸ் லாகுவார்தோஸும் சுற்றுவட்டார மக்களும் அவர்களை மறைத்து வைத்து, தம் பங்கு ரொட்டியைப் பகிர்ந்தளித்து, இரவில் கரையருகே வந்த பிரித்தானிய நீர்மூழ்கிக் கப்பல்களில் ஏற்றி அனுப்பினர். அதற்கு விலையாக மடம் சூறையாடப்பட்டது. இன்று கடற்கரைக்கு மேலே, துப்பாக்கி ஏந்திய துறவி ஒருவரின் சிலை நிற்கிறது. துறவியின் கையில் துப்பாக்கியா என்று நம்மில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும், ஆனால் பார்த்த பின் சுளிக்கட்டும்.

அந்நியரையும் விருந்தினரையும் கிரேக்க மொழி ஒரே சொல்லால் குறிக்கிறது. அந்நியர்பால் அன்பு என்று பொருள்படும் 'பிலொக்செனியா' என்னும் சொல்லைத்தான் உரோமையருக்கு எழுதிய திருமுகமும் எபிரேயருக்கு எழுதிய திருமுகமும் விருந்தோம்பலைக் குறிக்கக் கையாளுகின்றன. அன்று உயிரைப் பணயம் வைத்துச் செய்த அந்தச் செயலின் பெயர், இன்று விடுதி அறையின் விலைப்பட்டியலுக்கு மேலே அலங்காரமாகத் தொங்குகிறது.

'மனிதக் கால் படாத இயற்கை' என்பதும் இப்படித்தான். சமாரியாப் பள்ளத்தாக்கு 1962-இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டபோது, அதன் நடுவே இருந்த சமாரியா என்னும் சிற்றூரின் குடிகள் வெளியேற நேர்ந்தது. குடிகளை அனுப்பிவிட்டு அதை ஆளில்லா இயற்கை என்று வியப்பது என்ன நேர்மை? பெருநிலத்தில் எப்பிரஸ் மலையூர்களின் கதை வேறு. அங்கே போரும், 1946 முதல் 1949 வரை நடந்த உள்நாட்டுப் போரும், அதன்பின் வறுமையும் ஊர்களைக் காலியாக்கின. 1960-இல் மேற்கு ஜெர்மனியோடு கிரேக்கம் தொழிலாளர் ஒப்பந்தம் செய்துகொண்டதும், எஞ்சிய இளைஞரும் ஆலைகளை நாடிப் போயினர். இன்று நாம் பூட்டிய கதவின்முன் நின்று படமெடுத்து, 'எத்தனை அமைதி!' என்கிறோம்.

சுற்றுலாப் பணம் இல்லாவிட்டால் அம்மக்கள் எப்படிப் பிழைப்பார்கள் என்பது நியாயமான கேள்வி. நாம் மறுக்கவில்லை, அவர்களுள் பலர் அதனால்தான் ஊரில் தங்க முடிகிறது. ஆனால் 2023 கோடையில் பாரோஸ் தீவின் மக்கள், சாய்வு நாற்காலிகள் தங்கள் கரையை விழுங்கிவிட்டதைக் கண்டித்துத் துண்டுகளோடு கடற்கரையில் திரண்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கிரேக்கச் சட்டப்படி கடற்கரை பொதுச்சொத்து. அடுத்த ஆண்டு அரசு 198 கடற்கரைகளை, நாற்காலியும் கடையும் போடக்கூடாத 'மிதிபடாத கரைகள்' என்று அறிவித்தது. மிதிபடாதவற்றின் பட்டியலை அச்சிட்டுவிட்டால் அடுத்த பருவத்தில் அவை என்னாகும் என்பதைப் பயண முகவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

'ஓய்வுக்காகப் போகிறவனிடம் இத்தனை சாவுகளையும் சுமத்த வேண்டுமா?' இதுவே நாம் எதிர்பார்க்கும் வலிய மறுப்பு. நம் விடை இது: பேருந்தில் அவசரமாக ஓடுகிறவருக்கு மன்னிப்பு உண்டு, அவருக்கு நேரமில்லை. நிதானமாகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு வழியெங்கும் எதையும் கேளாமல் போகிறவருக்கு அந்தச் சாக்கும் இல்லை. கடலில் நீந்துவது பாவமன்று. மரநிழலில் உறங்குவதும் பாவமன்று. வேறொருவரின் துயரம் காலியாக்கிய இடத்தைத் தமக்கென்றே இறைவன் ஒதுக்கி வைத்த தோட்டம் என்று எண்ணுவதுதான் குற்றம்.

தூய பவுல் இந்தத் தென்கரையைக் கைதியாகக் கண்டார். திருத்தூதர் பணிகள் 27-ஆம் அதிகாரம் சொல்லும் 'நல்ல துறைமுகம்' இன்றும் அதே பெயரோடு, கலி லிமெனெஸ் என்று, மலைப்பாதை இறங்கும் ஒரு சிறு வளைகுடாவில் இருக்கிறது. எதிரே உள்ள தீவுத்திட்டில் எண்ணெய்த் தொட்டிகள் நிற்கின்றன. குளிர்காலத்தை அங்கேயே கழிக்கலாம் என்னும் கருத்துப்பட அவர் எச்சரித்ததைக் கேளாமல், மாலுமிகள் பெனிக்சை நோக்கிப் பாய் விரித்தனர். அந்தப் பெனிக்சு என்று அறிஞர் பலர் கருதும் லூத்ரோவுக்கு இன்றும் கார்ப் பாதை கிடையாது. படகில் போகலாம், அல்லது நடக்கலாம்.

காண்டனோஸுக்குப் பாதை உண்டு. அந்தப் பலகைகளின் வாசகம் இப்போது ஊர் நினைவிடத்தில் கல்லில் இருக்கிறது. பாலியோஹோராக் கடல் அங்கிருந்து அரைமணி நேரத் தொலைவுதான்.