எண்ணூரிலிருந்து ஓர் அழைப்பு வந்தால்…

“உங்க ரேடியோ சவுண்டைக் கொஞ்சம் குறைச்சிட்டுப் பேசுங்க.”

தமிழ் வானொலியில் நேயர்கள் தொலைபேசியில் பேசும் நிகழ்ச்சியை ஒருமுறையாவது கேட்டவர்களுக்கு இந்த வரி பழக்கமானது. பேசுபவரின் வீட்டு ரேடியோவில் அவருடைய குரலே ஒலிக்கிறது. அது திரும்பவும் அவருடைய ரிசீவருக்குள் புகுந்து, ஸ்டூடியோவுக்குப் போய், எதிரொலியாகவோ ஊளையாகவோ சுற்றத் தொடங்குகிறது. பாட்டுக் கேட்க அழைத்தவருக்கு இது சின்ன இடைஞ்சல்தான். நெடி தாங்காமல் கண்ணைக் கசக்கிக்கொண்டு, பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு அழைப்பவருக்கு அப்படி இல்லை.

2023 டிசம்பர் 26 அன்று, நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பத்துக்கு அருகே கடலடியில் செல்லும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டு வரும் குழாய் அது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து சாலைக்கு ஓடினார்கள். 50க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அதற்கு மூன்று வாரம் முன்புதான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் இறங்கி, படகையும் வலையையும் கறுப்பாக்கியிருந்தது. ஒரே மாதத்தில் இரண்டு அடி.

காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, எந்தச் சாலையில் போவது, எந்த மருத்துவமனை திறந்திருக்கிறது என்பதெல்லாம் அப்படிப்பட்ட ஒரு ராத்திரியில் முதலில் குப்பத்து மக்களுக்குத்தான் தெரியும். ஒருவருக்குத் தெரிந்தது அடுத்த தெருவுக்குப் போய்ச் சேர வழி வேண்டும். இந்தக் கரைக்கென்றே ஒரு சமுதாய வானொலி இயங்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. அப்படி ஒன்று வரும்போது முதலில் கவனம் செலுத்த வேண்டியது கோபுரத்திலும் டிரான்ஸ்மிட்டரிலும் அல்ல. அழைப்பை வாங்கும் தொலைபேசி ஏற்பாட்டில்தான். பேசத் தெரிந்த வானொலிகள் நாட்டில் நிறைய இருக்கின்றன. எண்ணூருக்கு வேண்டியது காது கேட்கும் வானொலி.

சமுதாய வானொலிக்கு அரசு அனுமதிக்கும் சக்தி 50 வாட். ஆன்டெனா உயரம் அதிகபட்சம் 30 மீட்டர். வழக்கமாகச் சுமார் 10 கிலோமீட்டர் தொலைவு வரை கேட்கும். திருவொற்றியூரில் ஒரு கம்பம் நட்டால் தெற்கே ராயபுரமும் வடக்கே எண்ணூரும் கிட்டத்தட்ட அந்த வட்டத்துக்குள் வந்துவிடும். பாம்பனில் மீனவர்களுக்காக 2016 முதல் இயங்கும் கடல் ஓசை எஃப்எம் 90.4, இந்த அளவு நிலையத்தால் ஒரு கரைக்கு என்ன செய்ய முடியும் என்று காட்டியிருக்கிறது. ஆகவே ஒலி வெளியே போவது தீர்ந்த கணக்கு. உள்ளே வருவதில்தான் சிக்கல்.

பழைய தொலைபேசியில் போகும் குரலும் வரும் குரலும் ஒரே ஜோடிச் செம்புக் கம்பியில் கலந்தே ஓடும். ஸ்டூடியோவில் அவற்றைப் பிரித்தெடுக்க ‘ஹைப்ரிட்’ என்றொரு பெட்டி வைப்பார்கள். ஒவ்வொரு லைனின் நீளமும் தன்மையும் வேறு வேறு என்பதால் பிரிப்பு ஒருநாளும் முழுமையாகாது. தொகுப்பாளரின் குரலே குடத்துக்குள்ளிருந்து பேசுவது போல ஸ்பீக்கரில் திரும்பி வரும். விஓஐபி எனப்படும் இணையவழித் தொலைபேசியில் இந்தத் தொல்லை பிறப்பதற்கே இடமில்லை. போகும் குரல் ஒரு பாதை, வரும் குரல் இன்னொரு பாதை. ஆரம்பத்திலிருந்தே இரண்டும் தனித்தனி.

இதில் எஸ்ஐபி என்பது தரகர் வேலை பார்க்கும் விதிமுறை. இரு தரப்பையும் அறிமுகப்படுத்தி, எந்த முறையில் பேசுவது என்று முடிவுசெய்து கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளும். குரல் சிறு பொட்டலங்களாகத் தன் வழியில் பயணிக்கும். ஒரு பொட்டலத்தில் பெரும்பாலும் 20 மில்லி விநாடிப் பேச்சு, அதாவது ஒரு விநாடிக்கு 50 பொட்டலம். காசிமேட்டிலிருந்து வரிசையாகக் கிளம்பிய விசைப்படகுகள் வரிசை மாறிக் கரை சேர்வதைப் போல இவையும் முன்பின்னாக வரும். அதனால் ஸ்டூடியோ பக்கம் சற்றுக் காத்திருந்து, வரிசைப்படுத்தி, பிறகே ஒலிபரப்ப வேண்டியிருக்கிறது. காத்திருப்பு கூடினால் பேச்சு இடிக்கும்; இருவரும் ஒரே நேரத்தில் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். ஒரு திசைக்கு 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோல்.

இத்தனையையும் சரியாகச் செய்தும், ஒரே ஒரு இணைப்பை மிக்சரில் தவறாகக் கொடுத்தால் எல்லாம் வீண். அழைத்தவரின் காதுக்கு ஸ்டூடியோவில் நடக்கும் எல்லாம் போக வேண்டும், அவருடைய குரலைத் தவிர. ஒலிப் பொறியாளர்கள் இதை ‘மிக்ஸ் மைனஸ்’ என்பார்கள். தொகுப்பாளர் குரல், விருந்தினராக வந்த மருத்துவர் குரல், இன்னொரு லைனில் இருக்கும் தீயணைப்பு அதிகாரி குரல் எல்லாம் கேட்கலாம். தன் குரல் மட்டும் திரும்பக் கூடாது. மூன்று பேர் லைனில் இருந்தால் மூன்று பேருக்கும் மூன்று விதமான கலவை. சின்ன நிலையங்களில் ஒரு மொபைலை எடுத்து மிக்சரின் பொது வெளியீட்டில் செருகிவிடுகிறார்கள். அழைத்தவர் தன் பேச்சே அரை விநாடி தள்ளிக் காதில் விழ, தடுமாறி, வார்த்தையை விழுங்கி, “ஹலோ… ஹலோ…” என்று சொல்லிக்கொண்டே வைத்துவிடுகிறார். கேட்பவர்களோ அவருக்குப் பேசத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். இது சின்ன அநியாயம் அல்ல.

வடசென்னைக்கு இது கூடுதலாக வலிக்கும். இந்தப் பகுதியின் பேச்சு, சினிமாவில் நகைச்சுவைக்கோ அடிதடிக்கோ ஒதுக்கப்பட்ட பேச்சாகவே பலர் காதில் பதிந்திருக்கிறது. வலை பின்னுகிற, கன்டெய்னர் லாரி ஓட்டுகிற, மீன் கூடையோடு மார்க்கெட்டுக்குப் போகிற மனிதர்கள் தங்கள் பேச்சில், தங்கள் வேகத்தில், தங்கள் ஊர் நிலவரத்தை விளக்கிச் சொல்வது தெளிவாகக் கேட்டால் அந்தப் பதிவு மாறும். தெளிவு என்பது இங்கே அளக்கக்கூடிய விஷயம். பழைய தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தும். ஸ, ஷ போன்ற ஒலிகளின் கூர்மை பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறது. 1988இல் வந்த ஜி.722 என்ற குரல் குறியாக்க முறை 7,000 ஹெர்ட்ஸ் வரை கொண்டுவரும். 2012இல் தரப்படுத்தப்பட்ட ஓபஸ் என்ற இன்னொரு முறை, கட்டணமில்லாமல் கிடைப்பது. வழியில் சில பொட்டலங்கள் தொலைந்தாலும் பேச்சை ஓரளவு ஒட்டுப்போட்டுக் கொடுக்கும். ஆனால் சங்கிலியில் எந்தக் கண்ணி குறுகலோ அதுதான் மொத்தத்தின் அகலம். அழைப்பவர் கையில் நல்ல 4ஜி போன் இருந்தாலும், இடையில் ஓர் இணைப்பு பழைய முறையில் இருந்தால் குரல் பழைய தொலைபேசிக் குரலாகவே வந்து சேரும். எண் வாங்கும்போதே தொலைபேசி நிறுவனத்திடம் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

சட்டமும் இன்று இடம் கொடுக்கிறது. இந்தியாவில் 2002 ஏப்ரலில் இணையத் தொலைபேசிக்கு அனுமதி வந்தபோது அது சாதாரணத் தொலைபேசியோடு சேரக் கூடாது என்ற வேலி இருந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017இல் பரிந்துரைத்து, தொலைத்தொடர்புத் துறை 2018இல் வழி திறந்த பிறகு, உரிமம் பெற்ற நிறுவனத்திடமிருந்து எஸ்ஐபி இணைப்பில் சென்னை எண் ஒன்றை முறையாக வாங்க முடிகிறது. அழைப்புகளை வரிசையில் நிறுத்தி நிர்வகிக்கும் ஆஸ்டெரிஸ்க் மென்பொருள் 1999 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. பழைய கணினி ஒன்றே அதற்குப் போதும். சிம் கார்டுகளை அடுக்கிய பெட்டி வைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

நம் நாட்டிலேயே இதைச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். டெல்லியில் தொடங்கிய கிராம்வாணி, சமுதாய வானொலி நிலையங்களுக்காகவே தொலைபேசியையும் ஒலிபரப்பையும் ஒரே கணினித் திரையில் இணைக்கும் ‘கிரின்ஸ்’ என்ற திறந்த மென்பொருளை உருவாக்கியது. சத்தீஸ்கரில் 2010இல் தொடங்கிய சிஜிநெட் ஸ்வரா, வானொலிக் கோபுரமே இல்லாமல் பழங்குடி மக்களின் குரலைத் தொலைபேசி வழியே சேர்த்தது. மக்கள் அழைத்துத் தங்கள் ஊர்ச் சேதியைப் பதிவுசெய்வார்கள். சரிபார்த்த பிறகு மற்றவர்கள் அதே எண்ணில் கேட்பார்கள். நேரலையில் பேசத் தயங்குகிறவருக்கும் வேலை முடிந்து இரவு பதினொரு மணிக்கு நினைவு வருகிறவருக்கும் இது உதவும். எண்ணூர் நிலையத்திலும் இந்தக் கதவு இருக்க வேண்டும்.

பேரிடர் வானொலியும் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2015 வெள்ளத்தின்போது கடலூரில் மாவட்ட நிர்வாகத்தின் முயற்சியில் 107.8இல் ‘பேரிடர் கால வானொலி’ ஒலித்தது. 2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பானின் சிற்றூர்களில் சுமார் 30 தற்காலிக எஃப்எம் நிலையங்கள் முளைத்தன. குடிநீர் எங்கே, முகாம் எங்கே என்பதுதான் அவற்றின் முக்கிய நிகழ்ச்சி. இன்னும் பின்னே போனால், 1930 ஏப்ரல் முதல் 1938இல் அகில இந்திய வானொலி பொறுப்பேற்கும் வரை, சென்னையில் வானொலி நடத்தியது இந்நகரத்தின் மாநகராட்சிதான். அந்த மரபை வடக்கே இருக்கும் மண்டலங்களில் மாநகராட்சி நினைவுகூரலாம்; மீனவர் அமைப்போ கல்லூரியோ உரிமம் பெற முன்வந்தால் இடமும் கம்பமும் கொடுத்து உதவலாம்.

ஒரு தடையை மட்டும் வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பக் கூடாது. தனியார் எஃப்எம் விதிகளில் மின்சாரம், குடிநீர், இயற்கைச் சீற்றம், சுகாதார எச்சரிக்கை போன்ற அறிவிப்புகள் செய்தி அல்லாதவை என்று விலக்கு பெறுகின்றன. அதுவும் உள்ளூர் நிர்வாகம் தருகிறபடி. நிர்வாகம் அறிவிப்பதற்கு முன்பே மூக்கில் நெடி ஏறிவிடுகிற ஊரில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. குடியிருப்பவர் தான் கண்டதையும் முகர்ந்ததையும் சொல்வது செய்தியா, எச்சரிக்கையா என்று மத்திய அரசு தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அதை எச்சரிக்கை என்று சொல்வதுதான் நியாயம்.

அதே நேரத்தில், ஒரு பொய் அழைப்பு நெரிசலில் உயிரை வாங்கும் என்பதும் உண்மை. எனவே அழைப்பை எடுப்பவரும் தொகுப்பாளரும் ஒருவராக இருக்கக் கூடாது. எடுப்பவர் பெயர், தெரு, விஷயம் மூன்றையும் கேட்டுத் திரையில் எழுத, தொகுப்பாளர் அதைப் பார்த்து வரிசையை முடிவுசெய்ய வேண்டும். இணையவழி அமைப்பில் இது கூடுதல் செலவில்லாமல் வருகிறது. அழைத்தவரின் எண் மட்டும் தொகுப்பாளர் திரையில் தெரியக் கூடாது. ஆலைக்குள் ஒப்பந்த வேலை பார்க்கும் ஒருவர் ஆலைக் குழாயைப் பற்றிச் சொல்கிறார் என்றால், அவருடைய எண் பூட்டிய இடத்தில் இருப்பது அவருடைய சோற்றுக்கான பாதுகாப்பு. ஒலிபரப்பானவற்றை மூன்று மாதம் வைத்திருக்க விதி சொல்கிறது. அந்தக் கோப்பில் குரல் இருக்கட்டும், எண் வேண்டாம்.

செம்புக் கம்பியின் அருமையும் இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. அதற்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்தது. வீட்டில் கரண்ட் போனாலும் டயல் டோன் கேட்டது. ஃபைபரில் அப்படி இல்லை. சுவரில் மாட்டிய சின்னப் பெட்டியும் ரூட்டரும் அணைந்தால் எண்ணூரே அழைத்தாலும் மணி அடிக்காது. எனவே யுபிஎஸ் வயரை மிக்சரோடு நிறுத்தாமல் அந்தப் பெட்டி வரைக்கும் இழுக்க வேண்டும். ஒரு ஃபைபர், வேறொரு நிறுவனத்தின் 4ஜி என்று இரண்டு வழி இருக்க வேண்டும். கருவிகளை அடுக்கிய ராக்கைத் தரையிலிருந்து வெள்ள மட்டத்துக்கு மேலே ஏற்ற வேண்டும். உப்புக் காற்று இணைப்பு முனைகளை அரிக்கும் என்பதால் மாதம் ஒருமுறை கழற்றித் துடைக்க ஒரு ஆள் வேண்டும், அவருக்குச் சம்பளமும் வேண்டும்.

சோதனையையும் ஸ்டூடியோவின் குளிர்ந்த அறைக்குள் முடித்துவிடக் கூடாது. காசிமேட்டில் ஏலம் உச்சத்தில் இருக்கும் விடியற்காலையில் ஒரு அழைப்பு, எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடிக்கும் வரிசைக்குள்ளிருந்து ஒன்று, காட்டுக்குப்பத்தில் கழிமுகத்தை ஒட்டி ஒன்று, கரையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளிப் படகிலிருந்து ஒன்று என்று வாங்கிப் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, செப்டம்பரில் ஒரு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பெரியகுப்பத்திலிருந்து ஒருவரை அழைக்கச் சொல்ல வேண்டும். எத்தனையாவது மணியில் அழைப்பு எடுக்கப்பட்டது, குரல் எத்தனை நிமிடம் தெளிவாக நின்றது என்று கையால் நோட்டில் எழுதி, கதவின் உள்பக்கம் ஒட்டி வைக்க வேண்டும்.