சிபார்சு போதாது

பார்வை குன்றிய, செவி கேளாத, அறிவு வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகளையும் பள்ளிக்கூடங்கள் பாரபட்சமின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்பது 2016-ம் வருஷத்திய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் நோக்கம். "எங்களிடம் வசதியில்லை" என்று நிர்வாகிகள் கையை விரித்தால், பெற்றோர் எங்கே போவது?

கமிஷனரிடம் முறையிடலாம். சாட்சிகளை அழைக்கவும் தஸ்தாவேஜுகளைத் தருவிக்கவும் சிவில் கோர்ட்டுக்குள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. ஆனால் விசாரணையின் முடிவில் அவர் செய்யக்கூடியது சிபார்சு மட்டுமே. அதை ஏற்காத அதிகாரிகள் மூன்று மாதத்திற்குள் காரணத்தைத் தெரிவித்துவிட்டால் தீர்ந்தது. நியாயஸ்தலம் இருக்கிறது, தீர்ப்புத்தான் இல்லை!

அமெரிக்காவில் 1975-ல் பிறந்த சட்டப்படி, பட்சபாதமற்ற விசாரணை அதிகாரியிடம் பெற்றோர் வழக்காடலாம். அப்பீல் செய்யாவிடில் அவர் முடிவு பள்ளியைக் கட்டுப்படுத்தும். 2004-ம் வருஷத் திருத்தப்படி, பெற்றோர் புகார் செய்த 15 நாளுக்குள் பள்ளி அவர்களை அழைத்துச் சமரசம் பேச வேண்டும். எனினும், ருஜுப்பிக்கும் பொறுப்பு வழக்குத் தொடுப்பவரையே சேரும் என்று அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட் 2005-ல் தீர்ப்பளித்தது. தஸ்தாவேஜும் நிபுணரும் பள்ளியின் கையிலிருக்க, பாரத்தைப் பெற்றோர் தலையில் சுமத்துவது முறையன்று. இந்த அம்சம் நமக்கு வேண்டாம்.

விசேஷப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் போதவில்லை என்பது மெய்யே. அது சர்க்காரின் குறை. அதற்காகக் குழந்தையைத் தண்டிப்பதா? முதலில் சமரசம், அது பலிக்காவிடில் குறித்த தவணைக்குள் கட்டுப்படுத்தும் உத்தரவு, மறுத்ததற்கு நியாயம் காட்டும் பொறுப்பு பள்ளிக்கு. சட்டம் இவ்வாறு திருத்தப்பட வேண்டும். பொதுஜன ஊழியர்கள் இதைக் கிளர்ச்சியாகவே நடத்த வேண்டும். வழக்குக்கு ஒரு வருஷ தாமதம் அற்பம். குழந்தைக்கோ அது திரும்பி வராத ஒரு வகுப்பு.