பழைய கார்களின் குரோம் பளபளப்பு: இடம்பெயரும் ஹைதராபாத் பட்டறைகளின் நச்சுநீர் எங்கே செல்லும்?

ஹைதராபாத்: வெளிவட்டச் சாலைக்குள் அமைந்துள்ள தொழிற்பேட்டை நிலங்களை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற வழிவகுக்கும் தெலங்கானா அரசின் கொள்கை, பழங்கால வாகன உதிரிபாகங்களுக்குக் குரோம் முலாம் பூசும் சிறு பட்டறைகளையும் பாதிக்கக்கூடும். இடமாற்றத்துக்கான காரணம் நியாயமானதே. ஆனால், சுத்திகரிப்பு வசதி இல்லாத இடத்துக்குப் பட்டறைகள் சென்றால், நகரின் நிலத்தடி நீர்ச் சிக்கல் கிராமத்தின் சிக்கலாக மாறும்.

தேவை எங்கிருந்து வருகிறது?: மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் வெளியிட்ட விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்த, பெருமளவில் மாற்றியமைக்கப்படாத இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களை 'வின்டேஜ்' வாகனங்களாகப் பதிவு செய்யலாம். இவற்றுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கொண்ட தனிப் பதிவெண் வழங்கப்படுகிறது. அசல் தோற்றமே மதிப்பு என்பதால், துருப்பிடித்த பம்பர், கிரில், சைலன்சர் ஆகியவற்றுக்கு மீண்டும் முலாம் பூசுவதே உரிமையாளர்களின் முதல் தேர்வாக உள்ளது.

எல்லாப் பழைய வாகனங்களுக்கும் குரோம் பொருந்தாது. ஹைதராபாத் சௌமஹல்லா அரண்மனையில் உள்ள நிஜாமின் 1912ஆம் ஆண்டு ரோல்ஸ் ராய்ஸ் போன்றவை குரோம் காலத்துக்கு முற்பட்டவை. 1920களின் பிற்பகுதியில்தான் கார்களில் நிக்கலின் இடத்தைக் குரோம் பிடித்தது.

ஆபத்து எங்கே?: பழைய முலாமை அகற்றி, பள்ளங்களைச் சரிசெய்து, பஃபிங் செய்த பின்னர் செம்பு, நிக்கல், குரோம் என அடுக்கடுக்காகப் பூசப்படுகிறது. கண்ணுக்குத் தெரியும் குரோம் அடுக்கின் தடிமன் அரை மைக்ரானைத் தாண்டுவது அரிது. துருவைத் தடுப்பது பெரும்பாலும் அடியிலுள்ள நிக்கல்தான்.

ஆனால், அந்த மெல்லிய அடுக்குக்கான குரோமிக் அமிலத் தொட்டியில் இருப்பது ஹெக்ஸாவேலண்ட் குரோமியம். இது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. செலுத்தப்படும் மின்சாரத்தின் பெரும்பகுதி வாயுக் குமிழ்களை உருவாக்குவதிலேயே செலவாகிறது. அக்குமிழ்கள் வெடித்து எழும் அமிலப் பனியைத் தொழிலாளர்கள் சுவாசிக்க நேரிடுகிறது. உதிரிபாகங்களைக் கழுவிய நீர் மண்ணில் இறங்கினால் கிணறுகளைக் கெடுக்கிறது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி, குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

கொள்கையின் இடைவெளி: 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட தெலங்கானாவின் கொள்கை, பாலாநகர், ஜீடிமெட்லா, காட்டேதான் உள்ளிட்ட பகுதிகளில் 9,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலங்களை உள்ளடக்கியது. கட்டணம் செலுத்தி நிலப் பயன்பாட்டை மாற்றும் வாய்ப்பு நில உரிமையாளருக்குக் கிடைக்கிறது. வாடகைக் கூடத்தில் நான்கு தொட்டிகளை வைத்துத் தொழில் நடத்துபவருக்கோ, காலி செய்வதைத் தவிர வேறு வழியில்லை. தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் அமைக்கும் முதலீடும் அவரிடம் இருக்காது.

உலகம் செல்லும் திசை: ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பர் முதல் சிறப்பு அனுமதியின்றிக் குரோமியம் ட்ரை ஆக்சைடைப் பயன்படுத்த முடியாது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம், அலங்கார முலாமில் ஹெக்ஸாவேலண்ட் குரோமியத்தை 2027 முதல் விலக்க 2023இல் முடிவெடுத்தது. மாற்றாக, நச்சுத்தன்மை குறைந்த ட்ரைவேலண்ட் குரோமியம் உள்ளது. அதன் நிறம் சற்று மங்கலாக இருக்கலாம் என்பதே அசல் தோற்றத்தை வலியுறுத்துவோரின் தயக்கம்.

ராணிப்பேட்டை தரும் பாடம்: தமிழ்நாட்டுக்கு இந்த ஆபத்து புதிதல்ல. ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற லட்சக்கணக்கான டன் கழிவு, ஆலை மூடிய பின்னரும் நிலத்தடி நீரை மாசுபடுத்தியது. உற்பத்தியை நிறுத்துவதாலோ இடம் மாற்றுவதாலோ குரோமியம் மறைந்துவிடாது என்பதற்கு அதுவே சான்று.

பஞ்சாபின் லூதியானாவில் எலக்ட்ரோபிளேட்டிங் பட்டறைகளுக்கெனப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இயங்குகிறது. ஹைதராபாத்தின் புறநகரிலும் பட்டறைகள் சென்று சேரும் முன்பே அத்தகைய வசதி தயாராக வேண்டும். அதற்கான செலவில் ஒரு பங்கு முலாம் பூசும் கூலியில் சேரும். அசல் பளபளப்பை விரும்பும் வாகன உரிமையாளர்கள் அந்தக் கூடுதல் தொகையை ஏற்க மறுத்தால், அதைப் பட்டறைத் தொழிலாளரும் அருகில் வசிப்போருமே தங்கள் உடல்நலத்தால் ஈடுகட்ட நேரிடும்.