போல்டன் முடி வெட்டவில்லை

பட்டி போல்டன் கார்னெட்டை எடுத்து ஊதினால் மைல்கணக்கில் கேட்கும் என்று நியூ ஆர்லியன்ஸில் சொல்வார்கள். சரிபார்க்க வழியில்லை. அவர் வாசித்த ஒரு சுரம்கூட இன்று நம்மிடம் இல்லை. மெழுகு உருளையில் ஒருமுறை பதிவானதாகப் பேச்சு உண்டு. உருளைதான் இதுவரை அகப்படவில்லை.

1877இல் பிறந்தவர். 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்நகரத்துக் கறுப்பின மக்களின் நடனக்கூடங்களும் பூங்காக்களும் அவர் பின்னால் திரண்டன. நடன இசைக்குள் புளூஸைக் கொண்டுவந்து, தாளில் இருந்ததை விட்டு விலகி, உரக்க வாசித்தார். பிற்பாடு ஜாஸ் எனப் பெயர்பெற்ற இசையின் தொடக்கத்தை அவரிடம் காண்பவர்கள் பலர். 1906இல் மனநிலை குலைந்தது; மாமியாரைக் கூஜாவால் அடித்ததாகக் கைதானார். மறு ஆண்டு ஜாக்சன் ஊரிலிருந்த அரசு மனநோய் விடுதியில் சேர்த்தார்கள். 1931இல் இறக்கும்வரை அங்கேதான். ஜாஸ் என்ற பெயரோடு முதல் இசைத்தட்டு 1917இல் வந்தது, வாசித்தவர்கள் வெள்ளையர்கள்.

கொழும்பில் பிறந்த மைக்கேல் ஒண்டாச்சி 1976இல் இவரை நாவலாக்கினார். 'கமிங் த்ரூ ஸ்லாட்டர்' என்ற அந்த நாவலில் போல்டன் பகலில் முடி திருத்துகிறார், 'தி கிரிக்கெட்' என்றொரு வம்புப் பத்திரிகை நடத்துகிறார். அருமையான நாவல்தான். ஆனால் முடி திருத்தும் கடையும் வம்புப் பத்திரிகையும் வாய்வழி வந்த கதைகள். இரண்டு வருடம் கழித்து ஆய்வாளர் டொனால்ட் மார்க்விஸ் நகர முகவரி ஏடுகளையும் காவல்துறைப் பதிவுகளையும் விடுதிக் கோப்புகளையும் புரட்டி இரண்டையும் பொய்யாக்கினார். வாசிப்பு போக, போல்டன் செய்தது சுவர்ப் பூச்சு வேலை. நாவலைக் கொண்டாடிய அளவுக்கு மார்க்விஸின் வறண்ட உழைப்பை இலக்கியவாதிகள் கொண்டாடியதில்லை. சித்தம் கலங்கிய கலைஞன் என்றால் சிற்றிதழ்களுக்கும் தனிப் பிரியம் உண்டு (செத்தபின் சிறப்பிதழ் போட வசதி). 24 வருட விடுதி வாழ்க்கையைப் பிரியத்தோடு பார்க்க முடியவில்லை.

மார்க்விஸுக்குக் கிடைத்த ஆவணங்கள் வேறொன்றையும் காட்டுகின்றன. போல்டனைப் பற்றி அவர் காலத்தில் அக்கறையாக எழுதிவைத்தவர்கள் பெரும்பாலும் அவரைப் பிடித்துக்கொண்டு போனவர்களும் பூட்டிவைத்தவர்களும்தான். ஜாஸ் வரலாறு எழுதக் கிளம்பியவர்கள் அவரோடு டிராம்போன் வாசித்த வில்லி கார்னிஷைத் தேடிப்போய், குழுவின் ஒரே புகைப்படத்தை வாங்கி 1939இல் அச்சிட்டார்கள். அதற்கு எட்டு ஆண்டுகள் முன்புவரை போல்டன் ஜாக்சனில் உயிரோடிருந்தார்.