மூட்டை கட்டுமுன் ஒரு வார்த்தை

சிட்லபாக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். "எங்கேயாவது பூகம்பம், புயல் என்று கேள்விப்பட்டால் எங்கள் தெரு மாதர் சங்கத்தில் துணிமணி சேர்த்து அனுப்புவது வழக்கம். இந்தத் தடவை என் மாமியார், 'அந்த ஊர் ஜனங்கள் என்ன பாவம் செய்தார்களோ, பகவான் தண்டித்தார். நடுவிலே நீ போய் ஏன் நிற்கிறாய்?' என்கிறார். பெரியவர்களை எதிர்த்துப் பேசவும் மனமில்லை. சும்மா இருக்கவும் மனமில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

அம்மா, முதலில் மாமியாரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் சொன்னதற்குக் கிட்டத்தட்ட அதே வார்த்தையை மகாத்மா காந்தியே சொல்லியிருக்கிறார். அதுவும் எங்கே என்றால், நம் திருநெல்வேலியில்!

1934-ஆம் வருஷம் ஜனவரி 15-ஆம் தேதி. நம் வீடுகளில் பொங்கல் சமயம். பிற்பகல் இரண்டேகால் மணி சுமாருக்கு பீகாரும் நேபாளமும் குலுங்கின. முங்கேர் பட்டணம் மண்மேடாகிவிட்டது. முஸாபர்பூர், தர்பங்கா, சீதாமடி எங்கும் ஓலம். பத்தாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். வயல்கள் பிளந்து உள்ளேயிருந்து தண்ணீரும் மணலும் பீறிட்டு வந்து, விளைந்த நிலத்தையெல்லாம் மூடின. கிணறுகளில் மணல் ஏறிப்போயிற்று. வீடு போனால் மரத்தடியில் படுத்துக்கொள்ளலாம். கிணறு போனால் என்ன செய்வது? குடும்பம் நடத்துகிறவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் முழுதாகப் புரியும்.

அச்சமயம் காந்திஜி ஹரிஜன யாத்திரையாகத் தமிழ்நாட்டில் சுற்றிக்கொண்டிருந்தார். ஜனவரி 24-ஆம் தேதி திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமை என்னும் பாவத்துக்காக ஆண்டவன் அனுப்பிய தண்டனையே இந்தப் பூகம்பம் என்று கருத்துச் சொன்னார். ரவீந்திரநாத் தாகூருக்கு இது பொறுக்கவில்லை. தீண்டாமையை அவரும் வெறுத்தவர்தான். ஆனாலும், பூமி அசைவதற்குப் பூமியிலேதான் காரணம் தேட வேண்டும், மனிதனுடைய பாவ புண்ணியத்தோடு அதை முடிச்சுப் போடலாகாது, பெரியவர்கள் இப்படிப் பேசினால் ஜனங்களின் மூடநம்பிக்கைக்கு இன்னும் பலம் ஏறும் என்று காந்திஜியை மறுத்து எழுதினார். காந்திஜி அந்த மறுப்பைத் தம்முடைய 'ஹரிஜன்' பத்திரிகையிலேயே போட்டு, கூடவே தம் பதிலையும் போட்டார். இரண்டு பேரும் கடைசி வரை தத்தம் கட்சியை விடவில்லை.

எனக்கு இதில் தாகூர் கட்சிதான். தீண்டாமை பாரத தேசம் முழுவதும் இருந்தது. இடிந்தது பீகார் ஏழையின் மண்சுவர். கணக்கு ஒத்துவரவில்லையே! இந்தியாவைத் தாங்கும் பாறைத் தட்டு வடக்கே இமயத்தின் அடியில் ஓயாமல் முட்டித் தள்ளிக்கொண்டிருக்கிறது. அந்த இறுக்கம் எப்போதாவது சட்டென்று விடுபடும்போது பூகம்பம். அதற்கு நல்லவர் கெட்டவர் தெரியாது. ஆனால், காந்திஜி தண்டனை என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாரா? அதைத்தான் உங்கள் மாமியாரிடம் நீங்கள் பக்குவமாகக் கேட்க வேண்டும். போகிற ஊரெல்லாம் பீகாருக்காகக் கையேந்தினார். மார்ச் மாதம் தாமே அங்கே போய்ச் சேர்ந்தார். சிறையிலிருந்த ராஜேந்திர பிரசாத், பூகம்பம் நடந்த இரண்டாம் நாள் விடுதலையாகி, உடம்பு சரியில்லாத நிலையிலும் நிவாரணக் கமிட்டி அமைத்தார். இராமகிருஷ்ண மிஷன் சந்நியாசிகளும் அங்கே வேலையில் இறங்கினார்கள்.

சந்நியாசிகளுக்கு இந்த வேலை எப்படி வந்தது என்று கேட்டால், ஒரு குடத்தினால் வந்தது என்று சொல்லலாம்.

1897-ஆம் வருஷம் வங்காளத்தில் பஞ்சம். ஸ்வாமி விவேகானந்தரின் குருபாயியான ஸ்வாமி அகண்டானந்தர் முர்ஷிதாபாத் ஜில்லாவில் கால்நடையாகப் போய்க்கொண்டிருந்தார். ஓரிடத்தில் ஒரு முஸ்லிம் சிறுமி அழுதுகொண்டு நின்றாள். தண்ணீர் எடுக்க வந்த இடத்தில் மண்குடம் உடைந்துவிட்டது. வீட்டில் இன்னொரு குடம் இல்லை; அம்மா அடிப்பாள் என்று பயம். ஸ்வாமிகள் மடியிலிருந்த சில்லறையில் அவளுக்கு ஒரு புதுக் குடமும் தின்பதற்குக் கொஞ்சம் அவலும் வாங்கிக் கொடுத்தார். அதைப் பார்த்து இன்னும் பல குழந்தைகள் பசி பசி என்று வந்து சூழ்ந்துகொண்டன. அதற்குமேல் அவருக்கு நடக்கக் கால் எழவில்லை. அங்கேயே தங்கினார். மடத்துக்குக் கடிதம் எழுதினார். மே 15-ஆம் தேதி மஹுலா என்ற கிராமத்தில் அரிசி கொடுக்க ஆரம்பித்தார். விவேகானந்தர் மிஷனைத் தொடங்கி அப்போது இரண்டு வாரந்தான் ஆகியிருந்தது. அதே ஜூன் 12-ஆம் தேதி அஸ்ஸாமில் பெரும் பூகம்பம் உண்டாகி வங்காளம் வரைக்கும் ஆட்டிவைத்தது. பஞ்சம் ஒரு பக்கம், பூகம்பம் ஒரு பக்கம் என்று பிறக்கும்போதே வேலையோடு பிறந்த ஸ்தாபனம் அது!

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அவலைவிடக் குடந்தான். பசித்த குழந்தைக்குச் சோறு போட யாருக்கும் தோன்றும். குடம் இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது என்பது தோன்ற வேண்டுமே! இன்றைக்கும் மிஷன் நிவாரணத்தில் அரிசி பருப்போடு சமையல் பாத்திரமும், கம்பளியும், வேட்டி புடவையும் சேர்ந்தே போகின்றன. முதலில் வீடு வீடாகப் போய் யாருக்கு என்ன இல்லை என்று பார்ப்பார்கள், பிறகு குடும்பத்துக்கு ஒரு சீட்டு, சீட்டுக்குத்தான் சாமான். லாரியில் நின்று கூட்டத்தின் தலையில் எறிவது கிடையாது. ஜாதி, மதம் கேட்பதில்லை. லாதூரில் 1993-இல் நிலம் நடுங்கியபோதும், குஜராத்தில் 2001-இல் குடியரசு தினத்தன்று காலை பூமி அதிர்ந்து, கொடி ஊர்வலம் போன அஞ்சார் பள்ளிக் குழந்தைகள் இடிபாட்டில் சிக்கி மடிந்தபோதும் இந்த முறையில்தான் வேலை நடந்தது. குஜராத்தில் சோறு போட்டதோடு நிற்காமல், ராஜ்கோட் ஆசிரமத்தார் வீடுகளும் பள்ளிகளும் கட்டிக் கொடுத்தார்கள்.

இனி, கணக்கு விஷயம். பணம் வசூலிக்கும் சங்கத்தார் இதைக் கொஞ்சம் கவனித்துப் படிக்க வேண்டும். பீகார் நிவாரண நிதியின் கணக்கைப் பார்த்துக்கொள்ள காந்திஜி யாரை அனுப்பினார் தெரியுமா? தஞ்சாவூரில் பிறந்த தமிழ்க் கிறிஸ்தவர், லண்டனில் கணக்கியல் படித்தவர், ஜே.சி. குமரப்பா. தொண்டர் ஒருவருக்கு நாளைக்கு மூன்றணாவுக்கு மேல் செலவு கூடாது என்று அவர் திட்டம் போட்டார். அப்புறம் காந்திஜியே பரிவாரத்தோடு பாட்னாவுக்கு வந்தார். அவர்களுடைய சாப்பாட்டுச் செலவையும் கார் பெட்ரோல் செலவையும் நிவாரண நிதியிலிருந்து கொடுக்க முடியாது என்று குமரப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மகாத்மாவிடமே! காந்திஜி காரணம் கேட்டார், இவர் சொன்னார், அவர் ஒப்புக்கொண்டார். உங்கள் சங்கத்தில் பொருளாளராக இருப்பவர் கொஞ்சம் கடுகடுப்பானவராக இருந்தால் முகம் சுளிக்காதீர்கள். அவரை மாற்றவும் மாற்றாதீர்கள்.

பூகம்பம் என்றால் வடக்கத்தி சமாசாரம் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அது நம் வாசலுக்கே வந்தது. காலை ஆறரை மணிக்கு சுமத்ராவுக்கு அப்பால் கடலடியில் பூமி பிளந்தது. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு அலை நம் கரையில் ஏறியது. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் எட்டாயிரம் பேர் போனார்கள். அவர்களில் ஆறாயிரம் பேருக்கு மேல் நாகப்பட்டினம் ஜில்லாவில். மாண்டவர்களில் பெண்களே அதிகம். கரையில் மீனுக்காகக் காத்து நின்றவர்கள், குழந்தையைத் தேடித் திரும்பி ஓடியவர்கள், காலைச் சுற்றிய புடவையோடு ஓட முடியாமல் போனவர்கள். கார் நிக்கோபார் விமானத் தளத்தில் வீரர்களும் குடும்பத்தாருமாக நூறு பேருக்கு மேல் மறைந்தார்கள். நம் தாம்பரம் விமானத் தளத்திலிருந்து நிவாரணச் சாமான்களோடு விமானங்கள் அந்தமானுக்குப் பறந்துகொண்டிருந்ததை அந்தப் பக்கம் குடியிருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அப்போது பரங்கிப்பேட்டையில் நடந்ததைச் சொல்லாமல் விடக் கூடாது. கடலூர் ஜில்லாவில் கடலோரத்து ஊர், முஸ்லிம்கள் நிறைய. சுற்றியுள்ள மீனவக் குப்பங்கள் பெரும்பாலும் ஹிந்துக்களுடையவை. அலை அடித்த அன்றே பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் கிளம்பினார்கள். காயம் பட்டவர்களைத் தூக்கி வந்தார்கள், தங்க இடம் கொடுத்தார்கள், பெரிய அண்டாக்களை ஏற்றி நாள் கணக்கில் சமைத்துப் போட்டார்கள். சர்க்கார் வண்டி வரட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. பக்கத்து வீட்டார் ஆபத்தென்றால் எந்த வேதத்தைப் புரட்டிப் பார்ப்பது?

அதே நாட்களில் நாகப்பட்டினம் பக்கத்துச் சாலைகளில் வேறொரு காட்சி. தேசமெங்கும் இருந்து லாரி லாரியாகப் பழைய துணி வந்து குவிந்தது. கிழிந்த சட்டை, சாயம் போன புடவை, ஜோடியில்லாத செருப்பு, இங்கே யாரும் உடுத்தாத குளிர் தேசத்துக் கோட்டு. வாங்க ஆளில்லாமல் சாலையோரம் மலைபோல் கிடந்து மழையில் நனைந்து நாறியது. மீனவப் பெண்கள் தொடவில்லை. ஏன் தொட வேண்டும்? கூடை சுமந்து, விலை பேசி, தங்கள் சம்பாத்தியத்தில் புடவை வாங்கி உடுத்தியவர்கள் அவர்கள். முதல் நாள் வரை யாரிடமும் கை நீட்டாதவர்களிடம் நாம் கழித்த துணியை நீட்டினால் அதற்குப் பெயர் தானமா?

சகோதரிகளே, உங்கள் மனசு நல்ல மனசு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால், பீரோவில் இடம் அடைத்துக்கொண்டிருப்பதைக் கழிக்க ஒரு சாக்கு கிடைத்தது என்ற எண்ணமும் மூட்டைக்குள் எங்கேயோ ஒளிந்திருக்கிறதா இல்லையா?

வாங்குகிற பக்கம் நின்று பார்க்கும் சந்தர்ப்பமும் நமக்கு வராமல் போகவில்லை. 2015 ஏப்ரல் 25-ஆம் தேதி நேபாளத்தில் பூகம்பம். ஒன்பதாயிரம் பேரளவில் இறந்தார்கள். நம் பக்கத்திலிருந்தும் பணமும் கம்பளியும் போயின. அதே வருஷம் டிசம்பர் முதல் வாரம் அடையாறு கரைபுரண்டு முடிச்சூரும் வரதராஜபுரமும் முழுகின. சொந்த வீடு, கார், குளிர்பெட்டி எல்லாம் உள்ளவர்கள் மொட்டை மாடியில் நின்று, படகில் வரும் சோற்றுப் பொட்டலத்துக்குக் கை நீட்டினார்கள். சென்னையில் மசூதிகளும் கோயில் மண்டபங்களும் மாதா கோயில்களும் கதவைத் திறந்துவிட்டன. அந்த நாலைந்து நாட்களில் முடிச்சூர்ப் பெண்களுக்கு எது மிகவும் அவசியமாயிருந்தது என்று அவர்களையே கேளுங்கள். குடிதண்ணீருக்கு அடுத்தபடி, மாற்று உள்ளாடையும் மாதவிலக்குத் துணியும் என்பார்கள். ஆண்பிள்ளைத் தொண்டரிடம் வாய்விட்டுக் கேட்க முடியாத சாமான்கள்! இவற்றைப் பெண்கள் நினைத்து அனுப்பினால்தான் உண்டு.

ஆகவே, சிட்லபாக்கம் சகோதரிக்கு என் யோசனை: இந்தத் தடவை துணி மூட்டை கட்டாதீர்கள். வீட்டுக்கு வீடு பணமாகவே வாங்குங்கள். அந்த இடத்தில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிற ஸ்தாபனத்துக்கு அனுப்புங்கள். அது மடமாயிருந்தாலும் சரி, ஜமாஅத்தாயிருந்தாலும் சரி, சர்ச்சாயிருந்தாலும் சரி. ரசீது வாங்கிச் சங்கத்துப் பலகையில் ஒட்டுங்கள். சாமானாகத்தான் கொடுப்பேன் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால், புதுசாக, கடை மடிப்புக் கலையாமல் கொடுக்கச் சொல்லுங்கள்: உள்பாவாடை, துண்டு, சீப்பு, ஊசிநூல், மூடியோடு ஒரு பாத்திரம். முதல் மாதத்தோடு நிறுத்திவிடாதீர்கள். பத்திரிகைகளில் செய்தி நின்ற பிறகுதான் அங்கே சுவர் எழுப்ப ஆரம்பிப்பார்கள். பணம் அப்போதுதான் அதிகம் வேண்டியிருக்கும்.

மாமியாரிடம் வாதம் வேண்டாம். அகண்டானந்தர் குடம் வாங்கிக் கொடுத்த கதையை மட்டும் இன்றைக்குச் சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு சொல்லிப் பாருங்கள். சந்தா நோட்டில் முதல் கையெழுத்து அவருடையதாயிருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

பெருங்களத்தூரிலிருந்து இன்னொருவர், நிவாரணத்துக்கு ஊறுகாய் அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறார். தாராளமாக அனுப்பலாம். வெறும் சோறு மட்டும் கிடைக்கிற இடத்தில் ஊறுகாய் அமிர்தம். கண்ணாடி ஜாடியில் மட்டும் வேண்டாம்.