வலி குறைந்தது எதனால்?

"ஊசி போட்ட மூணாவது வாரமே வலி போயிடுச்சுங்க. மாத்திரையையும் நிறுத்திட்டேன்." எதிரே அமர்ந்து ஒருவர் இப்படிச் சொன்னால் அக்குபங்சர் செய்யும் நம்மில் பலருக்கு உள்ளம் குளிரும். அவர் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர் என்றால் குளிரக் கூடாது, பதற வேண்டும். நிறுத்தியது லெட்ரோசோலோ, அனஸ்ட்ரசோலோ, எக்ஸிமெஸ்டேனோ என்றால், வலி போனதற்கும் நம் ஊசிக்கும் தொடர்பே இல்லாமல் இருக்கலாம். இந்த மாத்திரைகளால் வரும் மூட்டு வலி, மாத்திரையை விட்டால் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். பாராட்டு நமக்கு வந்து சேரும். நோய் திரும்பும் ஆபத்து அவரிடம் தங்கிவிடும்.

மாதவிடாய் நின்ற பிறகும் கொழுப்பு, தசை போன்ற திசுக்களில் அரோமட்டேஸ் என்ற நொதியின் வேலையால் ஈஸ்ட்ரோஜன் சிறிதளவு சுரந்துகொண்டே இருக்கிறது. ஈஸ்ட்ரோஜனின் தூண்டுதலால் வளரும் புற்றுக்கு அந்தச் சிறிதளவும் போதும். மேற்சொன்ன மூன்று மாத்திரைகளும் அந்த நொதியை முடக்குகின்றன. தினம் ஒன்றாக 5 ஆண்டுகள், சிலருக்கு அதற்கு மேலும் விழுங்க வேண்டும். விழுங்குபவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு மூட்டு வலியோ விறைப்போ வருகிறது. காலையில் எழுந்ததும் விரல் மடங்காது, மணிக்கட்டு வலிக்கும், தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியாது. ஒரே நாளில் பத்து வயது கூடிவிட்டது போல் இருக்கிறது என்பார்கள். புற்றுநோயையே தாண்டி வந்தவர்கள் மாத்திரையைக் கைவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இதற்கு அக்குபங்சர் உதவுமா என்பதற்கு நம்மிடம் உள்ள வலுவான விடை அமெரிக்காவிலிருந்து வந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டான் ஹெர்ஷ்மன் தலைமையில் 11 மையங்களில் 226 பெண்களிடம் நடந்த ஆய்வு, 2018-இல் ஜாமா இதழில் வெளியானது. ஒரு பிரிவுக்கு முறையான அக்குபங்சர். இன்னொரு பிரிவுக்குப் போலி ஊசி, அதாவது புள்ளி அல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்துவது. மூன்றாம் பிரிவு வெறுமனே காத்திருந்தது. முதல் 6 வாரம் வாரத்துக்கு இருமுறை, அடுத்த 6 வாரம் வாரத்துக்கு ஒருமுறை எனச் சிகிச்சை. பத்துக்கு எவ்வளவு வலி என்ற அளவில், ஆறாம் வார முடிவில் உண்மை ஊசிப் பிரிவில் 2.05 புள்ளி குறைந்தது. போலி ஊசியில் 1.07, காத்திருந்தவர்களில் 0.99. ஓராண்டுக்குப் பிறகு பார்த்தபோதும் ஏறத்தாழ ஒரு புள்ளி வேறுபாடு நிலைத்திருந்தது. பக்கவிளைவு என்றால் பெரும்பாலும் குத்திய இடத்தில் கன்றிப்போவதுதான்.

இதைப் படித்து நாம் மேளம் கொட்டுவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உண்மைக்கும் போலிக்கும் இடையிலான வேறுபாடு ஒரு புள்ளிக்குச் சற்றுக் குறைவு. நோயாளியின் அன்றாட வாழ்க்கையில் அது எவ்வளவு பொருட்படுத்தத் தக்கது என்பது உறுதியில்லை என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். அதற்கு முன் நடந்த சிறிய ஆய்வுகள் சிலவற்றில் போலி ஊசியும் உண்மை ஊசிக்கு ஈடாகவே பலன் தந்திருக்கிறது. இத்தனையையும் எடைபோட்டுத்தான் 2022-இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமும் ஒருங்கிணைந்த புற்றுநோயியல் சங்கமும் இந்த வலிக்கு அக்குபங்சரைப் பரிந்துரைத்தன. இது நமக்குக் கிடைத்த நல்ல இடம். அந்தப் பரிந்துரை மாத்திரைக்குத் துணையாக நிற்கும் ஊசிக்கானது. மாத்திரைக்கு மாற்றாக அதை யாரும் சொல்லவில்லை.

சங்கடமான செய்தி ஒன்றும் உண்டு. அந்த ஆய்வில் நடந்தது உடலிலும் காதிலும் பல புள்ளிகளில் ஊசி செருகி, வலிக்கும் மூட்டுக்கேற்பப் புள்ளிகளைக் கூட்டி, பல வாரங்கள் தொடர்ந்த சிகிச்சை. தமிழ்நாட்டில் நம்மில் பலர் செய்வதோ ஒரே புள்ளியில் ஒரு ஊசி, அல்லது விரலால் ஒரு தொடுகை. அது பயன் தராது என்று இந்த ஆய்வு சொல்லவில்லை, பயன் தரும் என்றும் சொல்லவில்லை. ஜாமா கட்டுரையை நகலெடுத்து வரவேற்பறையில் மாட்டிவிட்டு, உள்ளே தொடு சிகிச்சை செய்வது நேர்மையாகாது. "எல்லா மருந்தையும் விட்டுட்டு வாங்க" என்று முதல் நாளே சொல்லும் வழக்கமும் நம் துறையில் இருப்பதை மூடி மறைக்க வேண்டியதில்லை. இந்த நோயாளிகளிடம் அந்தச் சொல் உயிரோடு விளையாடுவது.

சிகிச்சை அறையில் நாம் செய்ய வேண்டியவை அதிகம் இல்லை. இந்த மாத்திரையின் வலி பெரும்பாலும் இரு பக்கமும் இருக்கும், மாத்திரை தொடங்கிய சில மாதங்களுக்குள் வரும், காலை விறைப்போடு வரும். ஒரே எலும்பில் ஒரு பக்கமாக, நாளுக்கு நாள் கூடி, இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி என்றால் ஊசியை எடுக்காதீர்கள். புற்று எலும்புக்குப் பரவியிருக்கலாம். இந்த மாத்திரைகள் எலும்பை மெலிய வைப்பதால் முறிவாகவும் இருக்கலாம். அன்றே அவருடைய புற்றுநோய் மருத்துவரிடம் அனுப்புங்கள். அறுவை நடந்த பக்கத்துக் கையில் வீக்கம் இருந்தால் அந்தக் கையில் குத்த வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறாரா என்பதையும் கேட்டுவிடுங்கள். வலி தாங்காமல் மாத்திரையை விட நினைப்பவரிடம், வேறு மாத்திரைக்கு மாற்றுவது, உடற்பயிற்சி, துலோக்சிடின் என மருத்துவரிடமும் வழிகள் இருப்பதைச் சொல்லுங்கள். அந்த மருத்துவருக்கு நாம் எழுதும் ஒரு பக்கக் கடிதம் நம் மதிப்பைக் குறைக்காது.

ஒரு வேண்டுகோள். இத்தகைய நோயாளிகளைப் பார்த்திருந்தால் குறிப்புகளை நம் இதழுக்கு அனுப்புங்கள். பெயர் வேண்டாம். முதல் நாளும் ஆறாம் வாரமும் பத்துக்கு எவ்வளவு வலி, எந்தப் புள்ளிகள், எத்தனை முறை, அந்த ஆறு வாரமும் மாத்திரையைத் தொடர்ந்து விழுங்கினாரா என்ற நான்கு விவரங்கள் போதும். வலி குறையாதவர்களின் குறிப்பையும் சேர்த்தே அனுப்புங்கள்.